தட்டினால் பேசும் ஃபைபர்

ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, காரின் இடது முன் மட்கார்டை அவர் தட்டிக்கொண்டே வந்தார். கண்ணாடி டம்ளரைத் தட்டுவது போல டிக், டிக் என்று வந்துகொண்டிருந்த சத்தம், ஹெட்லைட்டுக்கு ஒரு சாண் பின்னால் வந்ததும் ‘டொப்’ என்று அடங்கிப்போனது. காசை அங்கேயே நிறுத்தி, காதில் செருகியிருந்த பென்சிலால் ஒரு கோடு போட்டார். இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடியும் ‘டிக்’. அங்கே இன்னொரு கோடு. பத்து நிமிடத்தில் அந்தக் கோடுகள் எல்லாம் சேர்ந்து மட்கார்டின் மேல் ஒரு தீவு போல வந்து நின்றன.

“வெளிய தெரியிற கீறல் நாலு இன்ச்சுதான் தம்பி. உள்ள செத்துக் கெடக்கிறது ஒரு அடி” என்றார்.

அவர் காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டு வேலை செய்பவர். இந்த வேலையில் பல வருடக் கை. கார் ஒன்றை அவர் தொட்டது அன்றுதான் முதல் தடவை. ஆனால் அந்த வண்டியைத் தொட்டவர்களிலேயே அதற்கு என்ன ஆகியிருக்கிறது என்று சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வண்டி என் சித்தப்பாவுடையது. ஸான் ஸ்டார்ம். 1990களின் கடைசியில் நம் நாட்டிலேயே தயாராகி வந்த, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். ரெனோவின் 1.2 லிட்டர் இன்ஜின், ஃபைபர்கிளாஸ் பாடி. சாலையில் இன்னொன்றைப் பார்ப்பது அபூர்வம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தபோது ஒரு லாரியின் ஓரம் மட்கார்டில் இடித்தது. நல்ல பட்டறை என்று நாலு பேர் சொன்ன ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டோம். அவர்கள் உள்பக்கம் ஓர் அலுமினியத் தகட்டை வைத்து ரிவெட் அடித்து, வெளியே பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. எட்டாவது மாதம் அதே இடத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. பத்தாவது மாதம் அந்தக் கோட்டுக்குக் கிளைகள். அப்புறம் ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் சின்னச் சின்ன நட்சத்திரங்கள்.

அந்தப் பட்டறையில் வேலை தெரியாதவர்கள் யாரும் இல்லை. தகர வேலையில் கெட்டிக்காரர்கள். ஃபைபரையும் தகரமாக நினைத்தார்கள், பிழை அங்கேதான். பழைய ஃபைபர் வண்டிகள் பெரும்பாலும் விபத்தில் சாவதில்லை, விபத்துக்குப் பின் நடக்கும் பழுதில்தான் சாகின்றன. இது ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்தப் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தகரம் அடிபட்டால் நசுங்கும், நசுங்கியது நசுங்கியபடியே நிற்கும். காயம் எவ்வளவோ அவ்வளவும் கண்ணுக்குத் தெரியும். ஃபைபர் அப்படி இல்லை. அடி விழும்போது உள்ளே வளையும். ஓர் அளவுக்கு மேல் வளைந்தால் உள்ளிருக்கும் இழைகள் அறும், அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். இடித்த பொருள் விலகியதும், ஒன்றுமே நடக்காதது போல பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். வெளியே மிஞ்சுவது ஒரு கீறல். காசைத் தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடம் மணி போல ஒலிக்கும். பிரிந்த இடத்தில் நடுவே காற்று இருப்பதால் சத்தம் மட்டுப்படும்.

ஃபைபர்கிளாஸ் என்பது கண்ணாடி இழையும், ரெசின் என்ற இறுகும் பிசினும் சேர்ந்த கூட்டுப் பொருள். கான்கிரீட்டையும் கம்பியையும் நினைத்துக்கொண்டால் போதும். இழுவிசையைத் தாங்குவது கம்பி, கம்பியை இடத்தில் பிடித்து வைப்பது கான்கிரீட். இங்கே கம்பியின் இடத்தில் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகள், கான்கிரீட்டின் இடத்தில் பாலியஸ்டர் ரெசின். தூணுக்குள் கம்பி அறுந்துபோயிருக்க, வெளியே சிமென்ட் பூசினால் தூண் நிற்குமா? ஃபைபர் கீறலின் மேல் பட்டி வைப்பதும் அதே கதைதான். பட்டியிலும் பாலியஸ்டர்தான் இருக்கிறது. ஆனால் அதில் கலந்திருப்பது டால்க் தூள், இழை கிடையாது. பள்ளத்தை நிரப்பும், இழுத்தால் தாங்காது. வண்டி ஓடும்போது மட்கார்டு ஒவ்வொரு நொடியும் துளித்துளியாக அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவை எல்லாம் அறுந்த இழைகளுக்குப் பதிலாகப் பட்டி தாங்க வேண்டியிருக்கிறது. எட்டு மாதம் தாங்கியதே பெரிது. ரிவெட்டுக்காகப் போட்ட ஓட்டை ஒவ்வொன்றும் இன்னும் பல இழைகளை அறுத்தது. புதுக் கீறல்கள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பின. கடல் காற்றில் அலுமினியமும் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்ததைப் பிரித்தபோது பார்த்தோம்.

கார் வேலைக்குப் படகுக்காரரைத் தேடிப் போனது ஏதோ குறுக்கு வழி என்று நினைக்க வேண்டாம். ஃபைபர் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்ததே படகுப் பட்டறையில்தான். கண்ணாடி இழையை மலிவாகவும் பெருமளவிலும் செய்யும் வழி 1930களில் அமெரிக்காவில் கிடைத்தது. பாலியஸ்டர் ரெசினோடு அதைச் சேர்த்து, இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ரேடார் மூடிகள் செய்தார்கள். போர் முடிந்ததும் அதை முதலில் அள்ளிக்கொண்டவர்களில் படகு கட்டுபவர்கள் உண்டு. கலிபோர்னியாவில் பில் டிரிட் என்பவர் ஃபைபர் படகுகள் செய்துகொண்டிருந்தார். 1950களின் தொடக்கத்தில் ராணுவ அதிகாரி ஒருவரின் ஜீப் அடிச்சட்டத்தின் மேல் அவர் ஒரு ஃபைபர் கார் பாடி செய்து கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கிளாஸ்பார் ஜி2 என்ற ஸ்போர்ட்ஸ் கார். 1953-ல் செவ்ரோலெட்டின் கார்வெட் ஃபைபர் பாடியோடு வந்தது. அந்த முதல் வருடம் செய்தது 300 கார்கள். பெரும்பாலும் கைவேலை. 1957-ல் லோட்டஸ் இன்னும் ஒரு படி மேலே போய், எலீட் காரில் தனி அடிச்சட்டமே இல்லாமல் பாரத்தை ஏறக்குறைய முழுவதும் ஃபைபர் பாடியையே தாங்க வைத்தது. 1962-ல் வந்த எலான் காரில் நடுவே இரும்பு முதுகெலும்பு வைத்து, அதன் மேல் ஃபைபர் பாடியைப் பொருத்தினார்கள்.

காரணம் எளிது. தகரத்தை அழுத்தி வடிவம் கொடுக்க ராட்சத பிரஸ்ஸும் விலை உயர்ந்த எஃகு அச்சுகளும் வேண்டும். லட்சக்கணக்கில் கார் விற்றால்தான் அந்தக் காசு திரும்பி வரும். ஃபைபருக்கு ஓர் அச்சு, கொஞ்சம் ரெசின், பழகிய நாலு கைகள் போதும். சில நூறு கார் மட்டும் விற்கப்போகிற நிறுவனத்துக்கு வேறு வழி இல்லை. வளைவு நெளிவு எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம், எடையும் குறையும்.

எடை குறைவதன் பலனை வடசென்னைக்காரர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். செங்குன்றம் தாண்டி, சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் 1990-ல் வருவதற்கு முன்பு, மெட்ராஸின் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். பெங்களூரில் சிபானி நிறுவனம் 1982 முதல் செய்த டால்பின் என்ற குட்டிக் கார் அங்கே நன்றாக ஓடியது. 848 சிசி இன்ஜின்தான். பாடி ஃபைபர் என்பதால் வண்டி லேசு. சந்தையில் அந்தக் கார் நிலைக்கவில்லை. பந்தயக்காரர்கள் அதை விரும்பினார்கள். சித்தப்பா வாலிப வயதில் திருவொற்றியூரிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் சோழவரம் பந்தயம் பார்த்தவர். ஃபைபர் கார் மேல் அவருக்கு வந்த பைத்தியம் அங்கே பிடித்ததுதான்.

காசிமேட்டுக்கு ஃபைபர் வந்தது வேறு வழியில். 1979-ல் மெட்ராஸைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கடற்கரையிலேயே கொண்டுவந்து ஏற்றக்கூடிய ஃபைபர் படகுகளைச் செய்து பார்த்தது. கட்டுமரத்துக்குத் தகுந்த மரம் கிடைப்பதும் வரவர கஷ்டமானது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் கடனாகவும் கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. கட்டுமரம் கட்டிய கைகள் ‘மேட்’ என்ற கண்ணாடி இழை விரிப்பும் ரெசினும் பழகின. அலையில் அடிபட்டு, கரையில் தேய்ந்து, ஒன்றோடு ஒன்று மோதி நாள்தோறும் படகுகள் உடையும். அதே வேகத்தில் ஒட்டியாக வேண்டும். ஒட்டு விட்டுப்போனால் நடுக்கடலில் தண்ணீர் ஏறும். இந்தக் கட்டாயத்தில் பழகிய கை, கார் பட்டறையில் கிடைக்காது. ராயபுரத்தில் கார் வைத்துக்கொண்டு ஃபைபர் வேலைக்கு ஆள் இல்லை என்று புலம்புகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஒரு கிலோமீட்டர் கிழக்கே நடந்தால் போதும்.

சரி, வேலை எப்படி நடந்தது?

முதலில் தண்ணீர். நல்ல தண்ணீரில் சோப்பு போட்டு மட்கார்டின் இரண்டு பக்கமும் கழுவினோம். கடற்கரை ஊரில் ஓடிய வண்டியில் உப்பு படிந்திருக்கும். அப்புறம் அசிட்டோன் நனைத்த துணியால் மெழுகையும் எண்ணெயையும் துடைத்தோம். இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். மெழுகு இருக்கும்போதே கிரைண்டர் வைத்தால், அது மெழுகைத் தேய்த்து உள்ளே இறக்கிவிடும். பிறகு எதுவும் ஒட்டாது. பழைய பெயின்ட்டை எடுக்க ரிமூவர் தடவலாமே என்று நான் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். தகரத்துக்கு அது சரி. ஃபைபரில் பெயின்ட்டோடு நிற்காமல் கீழே இருக்கும் ஜெல் கோட்டையும் தின்னும், உள்ளே இறங்கித் தங்கும். ஆகவே எமரி ஷீட்தான், கைதான்.

பெயின்ட் போனதும் ஜெல் கோட் தெரிந்தது. அச்சுக்குள் முதலில் தடவப்படும், அரை மில்லிமீட்டர் கனமே உள்ள, இழை இல்லாத தோல் அது. வழவழப்பும் நீர்த்தடுப்பும் அதன் வேலை. நட்சத்திரக் கீறல்கள் பல சமயம் இந்தத் தோலோடு நின்றுவிடும். அப்படியானால் பயமில்லை. உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்க அவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கம் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, அங்கே ஒரு பல்பைப் பிடிக்கச் சொன்னார். வெளியே இருட்டு. மட்கார்டு தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. நல்ல ஃபைபர் ஒளியைச் சீராக விடும். அடிபட்ட இடத்தில் இழையும் ரெசினும் விட்டுப்போய்ப் பால் போல வெளுத்திருந்தது. அறுந்த இடம் கறுப்புக் கோடாக நின்றது. காசு தட்டிப் போட்ட பென்சில் கோட்டுக்கும் அந்த வெளுப்பின் விளிம்புக்கும் ஒரு விரல் கனம்கூட வித்தியாசம் இல்லை.

அடுத்தது மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டிய கட்டம். வெளுத்த இடம் முழுவதையும் கிரைண்டரால் தேய்த்து எடுத்தார். செத்த ஃபைபரின் மேல் புது ஃபைபர் போட்டால் செத்ததோடுதான் ஒட்டும். நாலு இன்ச் கீறல் இருந்த இடத்தில் கை நுழையும் ஓட்டை வந்தது. சித்தப்பா வெளியே போய்விட்டார். ஓட்டையின் விளிம்பை நேராக விடாமல், உள்பக்கத்திலிருந்து அகலமாகச் சரித்துக்கொண்டே வந்தார். சரிவின் கணக்கு கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு. மட்கார்டு 3 மில்லிமீட்டர் கனம். சரிவு சுற்றிலும் 36 மில்லிமீட்டர்.

இவ்வளவு அகலம் எதற்கு என்றால், பழைய ரெசின் இறுகி முடிந்துவிட்டது. புது ரெசின் அதோடு ரசாயனமாகக் கலந்து ஒரே பொருளாக ஆகப்போவதில்லை. சொரசொரப்பான பரப்பைப் பிடித்துக்கொண்டு பசை போலத்தான் ஒட்டும். பசையின் பலம் பரப்பளவில்தான். நேர் விளிம்பில் 3 மில்லிமீட்டர் பரப்பு, சரிவில் 36. ஒரு வேட்டியைக் கிழிசலின் இரு ஓரமும் ஒட்டித் தைப்பதற்கும், கீழே அகலமாக ஒரு துண்டு வைத்துத் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஃபைபர் பழுதில் ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும் என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சரிவைத்தான் சொல்வேன். நம் வண்டியில் ஓட்டைக்கு வெளியே ஓடியிருந்த ஒரு கீறலின் நுனியில் அவர் சின்ன ஓட்டை ஒன்றும் போட்டார். கூர்மையான நுனி இருக்கும்வரை கீறல் ஓடிக்கொண்டே இருக்கும். வட்டமாக்கிவிட்டால் நிற்கும்.

உடைந்து விழும் துண்டுகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். விபத்து நடந்த இடத்திலேயே ஒவ்வொரு சில்லையும் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா லாரிகளின் ஹாரனுக்கு நடுவே குனிந்து பொறுக்கிய ஏழு துண்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. முதல் பட்டறை அதைத் திறந்தே பார்க்கவில்லை. படகு மேஸ்திரி அவற்றைத் தரையில் பரப்பி, ஓரத்துக்கு ஓரம் பொருத்தி, வெளியிலிருந்து டேப் ஒட்டி மட்கார்டின் வளைவைத் திரும்பக் கொண்டுவந்தார். காணாமல் போயிருந்த ஓர் இடத்துக்கு மட்டும், மெழுகு பூசிய வளையும் பிளாஸ்டிக் தாளை வெளிப்பக்கம் இழுத்து ஒட்டினார். அதன் மேல் உள்ளிருந்து மேட் போட்டால் வெளிப்பக்கம் தாளின் வழவழப்பிலேயே வரும். துண்டுகளே இல்லாவிட்டால் அதே மாதிரி இன்னொரு வண்டியைத் தேடிப் பிடித்து அதன் மட்கார்டிலிருந்து அச்சு எடுக்க வேண்டும். அரிதான காருக்கு அது நடக்கிற காரியமா?

இனி ரெசின். சென்னை வெயில் இதில் ஒரு முக்கியப் பாத்திரம்.

பாலியஸ்டர் ரெசின், ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைந்த, தேன் போன்ற திரவம். அதைக் கெட்டியாக்குவது கேட்டலிஸ்ட். பேச்சில் ஹார்டனர் என்கிறார்கள். எடையில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு. கேட்டலிஸ்ட் சாதாரண வெப்பத்தில் வேலை செய்ய ஊதா நிறக் கோபால்ட் திரவம் துணைக்கு வேண்டும். சில ரெசின்களில் கோபால்ட் ஏற்கெனவே கலந்தே வரும், சிலவற்றில் நாம் கலக்க வேண்டும். கலக்கும் வரிசையில் உயிர் இருக்கிறது. கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலந்து முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே குவளையில் அளக்கக் கூடாது, ஒரே அலமாரியில் பக்கத்தில் வைக்கக் கூடாது. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. மேஸ்திரி இரண்டு பாட்டில்களையும் அறையின் இரண்டு மூலைகளில் வைத்திருந்தார். நடுவே தண்ணீர் வாளி.

புத்தகங்களில் 20, 25 டிகிரி வெப்பத்துக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். சித்திரை மாதத்துத் தண்டையார்பேட்டையில் 38 டிகிரியில் அதே கணக்கைப் போட்டால், பிரஷ்ஷைத் தோய்ப்பதற்குள் குவளையில் ரெசின் ஜெல்லியாகி, கொதித்து, புகையும். அதற்காகக் கேட்டலிஸ்ட்டை இஷ்டத்துக்குக் குறைத்துவிடவும் முடியாது. நூற்றுக்கு 1-க்குக் கீழே போனால் ரெசின் முழுதாக இறுகாது. மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே என்றைக்கும் அரைவேக்காடுதான். குறைக்க வேண்டியது கோபால்ட்டை. அதோடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். ஆழமான குவளையில் வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றிக்கொண்டால் சூடு வெளியேறி இன்னும் சில நிமிடம் கிடைக்கும். விடிந்ததும் வேலையைத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் தொடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரம் மேட்டிலும் ஏறும், தேய்த்து வைத்த ஃபைபரிலும் ஏறும், ரெசின் இறுகுவதையும் கெடுக்கும். நாங்கள் பொங்கல் கழித்துத்தான் தொடங்கினோம்.

மேட் என்பது சுமார் 5 சென்டிமீட்டர் நீள இழைகளைத் தாறுமாறாகப் பரப்பி, ஒரு பசையால் பிடித்து வைத்த விரிப்பு. சதுர மீட்டருக்கு 300 கிராம், 450 கிராம் என்று எடைக் கணக்கில் சொல்வார்கள். 450 கிராம் மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் தரும். நமக்கு மூன்று அடுக்கு. 30-க்கு 30 சென்டிமீட்டர் துண்டின் எடை 40 கிராம், அது குடிக்கும் ரெசின் சுமார் 100 கிராம். ரெசின் இன்னும் அதிகமானால் பலம் கூடாது, நொறுங்கும் தன்மைதான் கூடும்.

மேட்டை மேஸ்திரி கத்தரிக்கோலால் வெட்டவில்லை, கையால் கிழித்தார். வெட்டிய விளிம்பு படிக்கட்டு போல நிற்கும். கிழித்த விளிம்பில் இழைகள் மெலிந்து முடிவதால் பக்கத்துப் பரப்போடு கரைந்துபோகும். சரிவில் முதலில் ரெசின் தடவினார். அதன் மேல் பெரிய துண்டு, பிறகு அதைவிடச் சிறியது, அப்புறம் அதைவிடச் சிறியது. பிரஷ்ஷை இழுக்கவே இல்லை, குத்திக் குத்தி எடுத்தார். இழுத்தால் இழைகள் சுருண்டு பிரஷ்ஷோடு வந்துவிடும். குத்தக் குத்த, பஞ்சு போல வெள்ளையாக இருந்த மேட் நனைந்து, பிடித்திருந்த பசை ஸ்டைரீனில் கரைந்து, கண்ணெதிரே மறைந்தது. கீழே போட்ட பென்சில் கோடு அதன் வழியே தெரிந்தது. எங்காவது வெள்ளைப் புள்ளி நின்றால் அங்கே காற்று மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். வரிவரியான இரும்பு உருளையை ஓட்டி அதை வெளியே துரத்தினார். “காத்து நின்னா அங்கதாம்பா தண்ணி உக்காரும்” என்றார். படகுக்காரரின் கவலை அது. காரிலும் வெயிலில் அந்தக் காற்று விரிந்து பெயின்ட்டில் கொப்புளமாகக் கிளம்பும் என்பதால் கவலை ஒன்றேதான்.

பாலியஸ்டருக்குப் பதில் எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எபாக்ஸி பழைய ஃபைபரை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் சாதாரண மேட்டின் பசை ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது, எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை. அதற்கு நெய்த கண்ணாடித் துணி வேண்டும். எபாக்ஸியின் மேல் பாலியஸ்டர் ஜெல் கோட்டும் நம்பி ஒட்டாது. பாலியஸ்டரில் பிறந்த பாடிக்கு நல்ல பாலியஸ்டரே போதும் என்பது என் எண்ணம். பாரம் தாங்கும் இடங்களில் மட்டும் யோசிக்கலாம்.

தேய்க்கும்போது கிளம்பும் தூள் தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். நுரையீரலில் ஏறினால் அரிப்போடு போகாது. முழுக்கைச் சட்டையும் நல்ல முகமூடியும் போட்டே ஆக வேண்டும். ஸ்டைரீன் வாடை தலையைச் சுற்ற வைக்கும், ஆகவே திறந்த இடம். மிச்ச ரெசினையும் நனைந்த துணியையும் குப்பையில் போடாமல் அந்தத் தண்ணீர் வாளியில் போட்டோம். மூடிய குப்பையில் அது தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

படகு வேலைக்கும் கார் வேலைக்கும் வழி பிரிவது இதற்குப் பிறகுதான். படகில் ஒட்டு பலமாக இருந்தால் போதும், மேடு பள்ளம் யாரும் பார்ப்பதில்லை. காரில் அரை மில்லிமீட்டர் அலைகூட மாலை வெயிலில் பல்லைக் காட்டும். மேஸ்திரி தன் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார், அது நேர்மை. வெளிப்பக்கம் ஒட்டு சேரும் கோடுகளை லேசாகத் தேய்த்து, சர்ஃபேஸ் டிஷ்யூ என்ற மெல்லிய கண்ணாடி இழைத் தாள் ஓர் அடுக்கு போட்டு முடித்தார். அதற்கு மேல் பட்டி வந்தது. பட்டிக்கும் ஓர் இடம் உண்டு, கடைசியில், ஒரு மில்லிமீட்டருக்குள். நீளமான மரக்கட்டையில் எமரி சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்கும் வேலைக்கு டிங்கரிங் பட்டறையில் பழகிய ஒரு பையனைக் கூட்டி வந்தோம். ஃபைபர் பட்டியைவிடக் கடினம். மெத்தென்ற கைவாக்கில் தேய்த்தால் பட்டி மட்டும் குழியும், ஃபைபர் மேடாக நிற்கும். கட்டை இல்லாமல் அவன் ஒரு தரம்கூடக் கை வைக்கவில்லை.

பெயின்ட்டுக்கு அவசரப்படவே கூடாது. பாலியஸ்டர் இறுகும்போது கொள்ளளவில் 7, 8 சதவீதம் வரை சுருங்கும். பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடும். மிச்சம் வாரக்கணக்கில் ஊர்ந்து ஊர்ந்து நடக்கும். அதற்குள் பெயின்ட் அடித்தால், ஒரு மாதம் கழித்து ஒட்டின் விளிம்பும் இழைகளின் தடமும் பளபளப்புக்கு அடியிலிருந்து மேலெழும். வெளிநாட்டில் சூடேற்றும் அறையில் வைத்து இதை விரைவுபடுத்துவார்கள். நமக்குத் திருவொற்றியூர் மொட்டை வெயில் இருக்கிறது. பிரைமர் அடித்த வண்டியை ஆறு வாரம் வாசலில் நிறுத்தினோம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அப்புறம் மறுபடி தேய்த்துப் பார்த்தால், கீழே எழுந்திருந்த மெல்லிய தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன. அன்றே பெயின்ட் அடித்திருந்தால் அவை அத்தனையும் வெளியே வந்திருக்கும்.

நிறத்திலும் சித்தப்பாவோடு ஒரு வாக்குவாதம். அவர் கறுப்பு கேட்டார். சாதாரண பாலியஸ்டர் 60, 70 டிகிரியை ஒட்டி மெதுவாக இளக ஆரம்பிக்கும். மே மாத வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். ஒரு மணி நேரம் பேசி வெளிர் மஞ்சளுக்குச் சம்மதிக்க வைத்தேன்.

மட்கார்டு இரண்டு சித்திரையைப் பார்த்துவிட்டது. போன வாரம் மேஸ்திரி வீட்டுப் பக்கம் வந்தவர், கேட்காமலே பையிலிருந்து காசை எடுத்துத் தட்டினார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை டிக், டிக் என்று ஒரே சத்தம். தட்டிக்கொண்டே கதவு வரை போனார். கீழ்க் கீல் பக்கம், ஃபைபருக்குள் புதைத்திருக்கும் இரும்புத் தகட்டைச் சுற்றி மெல்லிய ஒரு வளையம் தெரிந்தது. துரு பிடித்தால் இரும்பு உப்பும், உப்பினால் சுற்றியுள்ள ஃபைபர் பிளக்கும். காசு அங்கே ‘டொப்’ என்றது. காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஐப்பசி நெருங்கிவிட்டதால், அந்தக் கதவு பொங்கல் வரை காத்திருக்கிறது.